தின்னக்கூடிய பாய்கள்

யப்பானுக்குப் போனவர்கள் எல்லோரும் செர்ரிப் பூவைப் பற்றி எழுதியாயிற்று. நான் போனது பழைய எஞ்சின் பார்க்க. போன நேரம் மழைக்காலம் வேறு. பூ பார்க்கலாம் என்று என்னோடு ஏறியவர்கள் இந்த இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

கொழும்பு மருதானையில் எங்கள் முதலாளிக்கு வாகன உதிரிப்பாகக் கடை. யுத்தம் நடக்கிற நாட்டில் புது வாகனம் வாங்க யாருக்கும் மனம் துணியாது. இருக்கிற வானுக்கு, யப்பான்காரன் கழற்றி எறிந்த எஞ்சினைப் பூட்டி இன்னும் பல வருடம் ஓட்டுவார்கள். அந்த எஞ்சின்களைத் தெரிந்தெடுக்க முதலாளி இரண்டு பேரை அனுப்புவார். ஒருவர் ஜெரோம், கொட்டாஞ்சேனைக்காரர். எஞ்சின் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு, பூசை கேட்பவர்போல நின்றுவிட்டு, "இது சரி" அல்லது "இது சரியில்ல" என்பார். ஆங்கிலம் அவருக்கு வராது. எனக்கு எஞ்சின் வராது. ஆகவே இருவரையும் சேர்த்து ஒரு முழு ஆளாக அனுப்பினார்கள்.

புறப்பட்ட அன்று காலை வெள்ளவத்தையில் எங்கள் பிளட்டில் ஒரு சின்னச் சண்டை. என் மனைவி சாந்தி குளியலறையிலிருந்து, நேற்று வாங்கிய சவர்க்காரம் எங்கே என்று கேட்டாள். நெருப்புப்பெட்டியும் போன கிழமை இப்படித்தான் காணாமல் போனது. அதற்கு முதல் மெழுகுதிரியும் ரோச் பற்றரியும். எல்லோருக்கும் பதில் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. என் அக்கா தன் கட்டில் விளிம்பில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா.

அக்கா போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவ. அங்கே பொருளாதாரத் தடை. சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி, மெழுகுதிரி ஒன்றும் போகாது. பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்த்தார்கள். தேய்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து, உப்புத்தண்ணீர் விட்டு, அதில் செய்தி கேட்டார்கள். பிறகு ஒருநாள் படகில் கடல்நீரேரியைக் கடந்து, ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தா. ஒரே மகன் கனடாவில். அவன் கூப்பிட்டு, பத்திரமெல்லாம் சரியாகி, நேர்முகம் அடுத்த மாதம். அதுவரை எங்கள் ஒரே வேலை அக்காவைப் பொலிஸ் பிடித்து வழக்கு எழுதாமல் பார்த்துக்கொள்வது. எங்கள் லேனில் சுற்றிவளைப்பு அடிக்கடி வரும். ஒருமுறை கூட்டிப்போய் உள்ளே வைத்தால், கனடா அந்தக் கதவைத் திரும்பத் திறக்காது.

நான் பெட்டியைத் தூக்கியபோது அக்கா எழும்பி வந்தா. "தம்பி, யப்பான் பற்றரி நல்லதாமே. ரோச் லைட்டுக்குப் போடுற பெரிசு. கொஞ்சம் வாங்கிக்கொண்டு வா."

"இஞ்ச கடையில இருக்குத்தானே, அக்கா."

"இப்ப இருக்கு," என்றா.

வழியை விடுகிறேன். எல்லா விமானமும் ஒரே மாதிரித்தான் ஆட்டும். போய் இறங்கின ஊர் குமமோத்தோ, தெற்குப் பக்கம். விமான நிலையத்தில் பொலிஸ்காரர் ஒருவர் நின்றார். நான் பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தேன். அவர் குனிந்து வணக்கம் சொன்னார். ஜெரோம் எனக்குப் பின்னால் யாரும் பெரிய ஆள் வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தார்.

எஞ்சின் யார்டு ஊருக்கு வெளியே, வயலுக்கு நடுவில். மழையில் நனைந்த வான்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் பக்கத்தில் ஒரு பாலர் பாடசாலையின் பெயரும் முயல் படமும் இருந்தன. இதே முயல் வெள்ளவத்தை காலி வீதியில் எத்தனையோ தடவை என்னைக் கடந்து போயிருக்கிறது. பாமன்கடைக்குப் போகும் ஒரு வானில் மூன்று வருடமாக யப்பான் எழுத்தைப் பார்த்து ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்திருந்தேன். அதே எழுத்து இங்கே இன்னொரு வானில் இருந்தது; யார்டு சொந்தக்காரர் வாசித்துச் சொன்னார்: சலவைக் கடை, ஞாயிறு விடுமுறை.

சொந்தக்காரரின் பெயர் நாக்குக்கு எட்டாதது, ஜெரோம் அவரை 'மாமா' என்றே கூப்பிட்டார். மத்தியானம் மாமா எங்களை ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். தாமரைக் கிழங்கின் ஓட்டைகளுக்குள் கடுகு அடைத்துப் பொரித்து, சக்கரம் சக்கரமாக வெட்டி வைத்தார்கள். கடித்ததும் மூக்கு வழியாக உயிர் போய் வந்தது. அடுத்த தட்டில் சிவப்பாக, மெல்லிசாக, பச்சையாக இறைச்சி.

"மீனா?" என்றேன்.

"குதிரை," என்றார் மாமா, பெருமையாக.

நான் வெள்ளிக்கிழமை என்று சொல்லித் தப்பினேன். அன்று வியாழன். ஜெரோம் இஞ்சியைத் தொட்டு நாலு துண்டு சாப்பிட்டார். "பசி வந்தா பத்தும் பறந்துபோகும் மச்சான். பதினொராவதா குதிரையும் போகட்டும்."

குதிரை இறைச்சி இந்த ஊருக்கு எப்படி வந்தது என்று மாமா சொன்னார். நானூறு வருடத்துக்கு முன் இந்த ஊரை ஆண்ட பிரபு கொரியாவுக்குப் படையெடுத்துப் போனாராம். போன இடத்தில் அவரே ஒரு கோட்டைக்குள் அகப்பட்டு, வெளியே எதிரி சூழ்ந்து நிற்க, உள்ளே சாப்பாடு முடிந்து குதிரைகளைத் தின்றார்களாம். ஊருக்குத் திரும்பியும் அந்த ருசி விடவில்லையாம். மாமா இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. பட்டினியில் தின்றதைப் பிறகு ஆசைக்குத் தின்பது எப்படி என்று யோசித்தேன்.

அன்று பின்னேரம் ஒரு மின்சாரக் கடையில் பற்றரி வாங்கினேன். பெரியது, ரோச் லைட்டுக்குப் போடுவது, பளபளவென்று கடதாசி சுற்றியது. விற்ற பெண் அதை நகைபோல ஒரு பையில் போட்டு, இரண்டு கையாலும் தந்தாள். கொழும்பில் ஒரு தமிழன் இவ்வளவு பற்றரியைச் சேர்த்து வாங்கினால், தருபவரும் இரண்டு கையால்தான் தருவார், ஆனால் வாங்கியவனின் கையைப் பிடித்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை யார்டு பூட்டு. ஜெரோம் காலையில் ஒரு மாதா கோவில் தேடிப் போய், பாஷை விளங்காத பூசையை முழுதாகக் கண்டுவிட்டு வந்தார். "ஆமென் ஒண்டுதான் மச்சான், எங்க போனாலும் ஆமென்." பிறகு ட்ராமில் கோட்டை பார்க்கப் போனோம். ட்ராம் ஒவ்வொரு தரிப்பிலும் நிற்குமுன் ஒரு பெண்குரல் ஊர்ப்பெயரைச் சொல்லும். பேர் விளங்காமல் ஒரு தரிப்பு முந்தி இறங்கிவிட்டோம். சாரதி மணியடித்து, கையைக் காட்டி, எங்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் இறக்கினார். ட்ராமில் இருந்த ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் நூறாம் இலக்க பஸ் கொண்டக்டர் இதைப் பார்த்திருந்தால் வேலையை விட்டிருப்பார்.

கோட்டை வாசலில் மோரி என்ற பெண்மணி எங்களுக்கு வழிகாட்டியாக வந்தா. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவ, ஞாயிறுகளில் சம்பளமில்லாமல் இதைச் செய்கிறவ. சின்னக் குரல். மழைக்கு எங்கள் இருவரையும் தன் குடைக்குள் எடுக்க முயன்று, மூன்று பேரும் நனைந்தோம்.

கோட்டையின் கல்மதில் அடியில் சரிவாகத் தொடங்கி மேலே போகப்போகச் செங்குத்தாகிறது. ஏறத் தொடங்குகிறவனுக்கு இலேசாக இருக்கும், பாதியில்தான் தெரியும். உச்சியில் இருக்கும் கறுப்புக் கட்டடம் பிறகு சீமெந்தில் கட்டியது. எனக்கு அதில் பெரிய அக்கறை வரவில்லை. ஜெரோம் மதிலைத் தட்டிப் பார்த்தார்.

"இது யார் கட்டினது?" என்று கேட்டேன்.

கொரியாவில் குதிரை தின்ற அதே பிரபுதான். மோரி அம்மா கதையை மெதுவாகச் சொன்னா. அங்கே முற்றுகையில் தண்ணீர் இல்லை. உள்ளே இருந்தவர்கள் சுவரின் மண்ணைக்கூடத் தின்றதாகச் சொல்வார்கள். உயிரோடு திரும்பிய பிரபு இந்தக் கோட்டையைக் கட்டும்போது, உள்ளே நூற்றுக்கு மேலே கிணறு வெட்டினார். கொட்டை தின்னலாம் என்று மரம் வைத்தார். சுவர்ப் பூச்சுக்குள் உலர்ந்த சுரைக்காய்ச் சீவல் வைத்தார் என்று கதை. அதற்குப் பிறகு தரையைக் காட்டினா.

"பாய்கள். எங்கள் வீட்டுப் பாய்க்குள் வைக்கோல் இருக்கும். இந்தக் கோட்டையின் பாய்க்குள் காய்ந்த சேம்புத் தண்டு வைத்துத் தைத்தார்கள். சாப்பாடு முடிந்தால் பாயைப் பிரித்து அவித்துத் தின்னலாம்."

ஜெரோம் வாய்விட்டுச் சிரித்தார். "படுத்த பாயையே திங்கிறதா?"

நானும் சிரித்தேன். மாளிகையில் பட்டுடுத்திய சாமுராய்கள் தங்கள் அடுத்த நேரச் சாப்பாட்டின்மேல் கால்மடித்து இருந்து அரசியல் பேசுவதை நினைத்துப் பார்த்தேன். "வந்த விருந்தாளிகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. வீட்டு ஆட்களிலும் எல்லோருக்கும் தெரியாது. ஒருமுறை அகப்பட்டவர் ஒளித்துத்தான் வைப்பார்."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. எங்கள் பிளட்டில் அக்கா தன் மெத்தையை ஒருவரையும் தொடவிடுவதில்லை. வெயிலில் போடுவோம் என்று சாந்தி கேட்டபோது, முதுகுக்கு இப்படித்தான் சரி என்றா. அந்த மெத்தையில் நடுவில் அவ படுப்பதுமில்லை, விளிம்பில் ஒட்டிக்கொண்டு படுப்பா. சவர்க்காரமும் நெருப்புப்பெட்டியும் போகட்டும், பொலிஸ் பிடித்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். பற்றரி? கண்ணிவெடிக்கு வேண்டியதில் பாதி அதுதான் என்று கொழும்பில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருத்தியின் மெத்தைக்குள் தைத்து வைத்த பற்றரி. கோட்டையின் மிச்சக் கதையைக் கேட்காமலே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினேன்.

வாசலில் பச்சை நிற டெலிபோன் ஒன்று இருந்தது. கார்ட்டைப் போட்டு வீட்டுக்கு எடுத்தேன். டெலிபோனில் எதையும் பெயர் சொல்லிக் கதைக்கக்கூடாது என்பது அந்தக் காலத்து வெள்ளவத்தைச் சட்டம்.

"சாந்தி, அக்காவின்ட மெத்தையைத் தட்டிப் பாரும்."

"யப்பானில இருந்து மெத்தை தட்டவோ எடுத்தனீங்கள்?"

"நடுவில தட்டும். கட்டியாய் இருந்தால் பிரிச்சுப் பாரும். உள்ளுக்கு இருக்கிறதை இண்டைக்கே வெளியில குடும்."

சாந்தி கெட்டிக்காரி. "எனக்கும் ஒரு சமுசயம் இருந்தது," என்றாள் மெதுவாக. "மச்சாள் குளிக்கப் போகட்டும்."

"நாளைக்கு எடுக்கிறன்."

அன்று முழுக்க ஒரு பருக்கை இறங்கவில்லை. ஜெரோமிடம் சொன்னேன். அவர் தன் பங்குச் சோற்றைச் சாப்பிட்டு, என் பங்கையும் சாப்பிட்டு, பிறகு சொன்னார்: "உங்க அக்கா செஞ்சது பைத்தியம் இல்ல மச்சான். கோட்டை கட்டினவனும் அதைத்தான் செஞ்சான். அவனுக்குச் சிலை வச்சிருக்கு, அக்காவுக்கு விலங்கு வைப்பாங்க, அவ்வளவுதான்."

அடுத்த நாள் காலை எடுத்தபோது சாந்தியின் குரல் இலேசாகியிருந்தது. மெத்தையைப் பிரித்தாளாம். இலவம்பஞ்சுக்கு நடுவில், பழைய சேலைத் துணியில் சுற்றி, எல்லாம் இருந்தது. மரக்கறிப் பைக்குள் போட்டு, மேலே கீரையைப் பரப்பி, மூலைக்கடை ஹனிபா நானாவிடம் கொண்டுபோனாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்துத் தன் கண்ணாடி அலுமாரியில் விலைச்சீட்டோடு அடுக்கிவிட்டார். "இங்க ஈந்தா சாமான் தங்கச்சி," என்றாராம்.

நானாவுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். அதே பற்றரி அவர் அலுமாரியில் சாமான், எங்கள் மெத்தையில் சாட்சி.

"அக்கா என்ன சொல்லுறா?"

"கதைக்கிறா இல்லை. மெத்தை மெத்தெண்டு இருக்குதாம், நித்திரை வருதில்லையாம்."

இனி என்னிடம் இருந்த யப்பான் பற்றரிக்கு ஒரு வழி பார்க்கவேண்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னால் நானும் அக்காவும் ஒரே பொலிஸ் வண்டியில் போகலாம். ஹொட்டேல் வரவேற்பறை மேசை லாச்சிக்குள் பையை வைத்து மூடிவிட்டு யார்டுக்குப் புறப்பட்டேன். ட்ராம் தரிப்பில் நிற்கும்போது ஹொட்டேல் பெண் மழையில் சைக்கிளில் வந்தாள். மூச்சு வாங்க இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் பையை நீட்டினாள். மறந்துவிட்டீர்கள் என்றாள். நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல.

ட்ராமில் ஆசனத்துக்குக் கீழே தள்ளிவிட்டு இறங்கினேன். பத்தடி நடக்குமுன் பின்னால் செருப்புச் சத்தம். பள்ளிச் சீருடைப் பெண் ஒருத்தி பையோடு ஓடி வந்தாள். அவள் இறங்கவேண்டிய இடம் அதுவல்ல, எனக்காக இறங்கியிருக்கிறாள். எங்கள் ஊரில் பஸ்ஸில் பை ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தால் எல்லோரும் எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். இங்கே பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் ஓடி வருகிறார்கள். ஜெரோம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடலுக்குள்ள போட்டாலும் மீன் கொண்டுவந்து குடுக்கும் மச்சான்."

பின்னேரம், வேலை முடிந்ததும், மோரி அம்மா படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தை விசாரித்துக்கொண்டு போனேன். நேற்றுக் கதையைப் பாதியில் விட்டு ஓடியதற்கு மன்னிப்புக் கேட்டு, பையைக் கொடுத்தேன். பற்றரியை அன்பளிப்பாகக் கொடுக்கிற ஆளை அவ வாழ்க்கையில் பார்த்திருக்க மாட்டா. ஆனால் முகம் மலர்ந்தது.

"நிலநடுக்கப் பைக்கு," என்றா. "எங்கள் வீட்டுக் கதவருகில் ஒரு பை இருக்கிறது. ரோச், பற்றரி, தண்ணீர், பிஸ்கட். எல்லா வீட்டிலும் இருக்கும். வைத்திருக்கச் சொல்லி அரசாங்கமே சொல்கிறது."

எங்கள் வீட்டுக் கதவருகிலும் ஒரு பை இருக்கிறது என்றேன். கலவரம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட. அதில் பற்றரி வைக்க அனுமதியில்லை. அவவுக்கு அது விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை.

"அந்தப் பாய்கள்," என்று கேட்டேன், "யாராவது கடைசியில் தின்றார்களா?"

அவ தலையை ஆட்டினா. பிரபு கட்டி இருநூறு வருடத்துக்கு மேல் ஒருவரும் கோட்டையை முற்றுகையிடவில்லை. பிறகு, சாமுராய்களின் காலமே முடிகிற நேரத்தில், தெற்கிலிருந்து கலகக்காரச் சாமுராய்கள் படையாக வந்தார்கள். உள்ளே அரசாங்கப் படை. ஆனால் கலகக்காரர் வந்து சேர்வதற்குச் சில நாள் முன் கோட்டைக்குள் தீப்பிடித்தது. மாளிகை எரிந்தது, பாயெல்லாம் எரிந்தது, சேர்த்து வைத்த அரிசியும் எரிந்தது. யார் வைத்த தீ என்று இன்றுவரை தெரியாது. ஊருக்குள் ஓடி ஓடித் திரும்ப அரிசி சேர்த்து, அதை வைத்துக்கொண்டு கிழமைக் கணக்கில் பட்டினியோடு தாக்குப்பிடித்தார்கள். கோட்டை விழவில்லை. கல்மதில் கைகொடுத்தது, பாய் கைகொடுக்கவில்லை.

யப்பானில் ஒன்றை வாங்கினால் ஒன்றைத் திருப்பிக் கொடுக்காமல் விடமாட்டார்கள். அடுத்த நாள் காலை ஹொட்டேலில் எனக்கு ஒரு பொதி காத்திருந்தது. பிரித்தால் காய்ந்த சேம்புத் தண்டு, கட்டுக் கட்டாக. இந்த ஊரில் இப்போதும் கறிக்கு விற்கிறார்களாம். எஞ்சின்கள் கப்பலில் ஏறின, சேம்புத் தண்டு என் பெட்டியில் ஏறியது.

கட்டுநாயக்காவில் பெட்டியைத் திறந்தார்கள். அதிகாரி பொதியை மணந்து பார்த்து, "கறிக்கா?" என்று சிங்களத்தில் கேட்டு மூடிவிட்டார். வெள்ளவத்தை வரும்வரை மூன்று தடை முகாம். ஒவ்வொன்றிலும் அடையாள அட்டையை நீட்டும்போது, குனிந்து வணங்கிய அந்தப் பொலிஸ்காரரை நினைத்துக்கொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றே ஒன்று. "கொண்டு வந்தனியோ?"

"பற்றரி இல்லை அக்கா. இது." பொதியைக் கொடுத்து, கோட்டையின் பாய்க் கதையைச் சொன்னேன். தீப்பிடித்த பகுதியைச் சொல்லவில்லை. ஏற்கெனவே மெத்தைக்குள் இருந்தது போன துக்கம். கதையைக் கேட்கக் கேட்க அக்காவின் முகம் தெளிந்தது. தன்னைப்போல ஒரு ஆளை நானூறு வருடத்துக்கு முன்னாலாவது கண்டுபிடித்த ஆறுதலாக இருக்கலாம். மத்தியானம் ஒரு கட்டை ஊறவைத்து, புளிவிட்டு, தேங்காய்ப்பாலில் கறி வைத்தா. நன்றாகத்தான் இருந்தது. மிச்சம் எங்கே என்று சாந்தி கேட்கவில்லை. கேட்டு என்ன.

அடுத்த கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் லேனை மறித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு ஓர் அதிகாரியும் ஒரு பெண் பொலிஸும் வந்தார்கள். அதிகாரி மரியாதையான ஆள், சப்பாத்தை வாசலில் தட்டிவிட்டு வந்தார். பொலிஸ் பதிவுப் பத்திரம், அடையாள அட்டை, அலுமாரி, சமையலறை. அரிசி வாளியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினார். பிறகு அக்காவின் அறை. மெத்தையைக் கையால் அமத்தினார். அது சரசரத்தது.

சாந்தி என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா. அதிகாரி சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துத் தையலை அறுத்தார். கையை உள்ளே விட்டு இழுத்தார். யப்பான் எழுத்துக் கடதாசியோடு ஒரு கட்டுச் சேம்புத் தண்டு வந்தது. இன்னொன்று. இன்னொன்று.

"இது என்ன?"

"சேம்புத் தண்டு, சேர். கறி வைக்கிறது. யப்பானிலிருந்து நான் கொண்டுவந்தது."

"சரி, அதை ஏன் மெத்தைக்குள்?"

கேள்வி விளங்கும் அளவுக்கு அக்காவுக்குச் சிங்களம் தெரியும், பதில் சொல்லத் தெரியாது. தமிழில் சொன்னா, நிதானமாக: "நீங்கள் ரோட்டைப் பூட்டினால் தின்ன."

அதிகாரி மொழிபெயர்ப்புக்காக என்னைப் பார்த்தார். என் தொழிலே அதுதான், இரண்டு பேருக்கு நடுவில் நின்று கதைப்பது. "எலித் தொல்லை, சேர்," என்றேன். "வெளியில் வைத்தால் விடாது."

எங்கள் லேன் எலிகளை அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். தலையை ஆட்டினார். கட்டுகளை மெத்தைமேலேயே வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

அவர் போனதும் நான் கதிரையில் இருந்தேன். அக்கா அறுந்த தையலை விரலால் தடவிப் பார்த்தா.

"என்னடா சொன்னனி அவனுக்கு?"

"எலி எண்டு."

"எலியோ," என்று சிரித்தா. பிறகு கேட்டா: "அந்தக் கோட்டைக்காரர் கடைசியில பாயைத் தின்டவையோ?"

இனி மறைத்து என்ன. "இல்லை அக்கா. எதிரி வர முதலே எல்லாம் எரிஞ்சு போச்சு. பாயும், அரிசியும்."

அக்கா மெத்தைமேல் கிடந்த கட்டுகளை ஒதுக்கி வைத்தா. "ஒரே இடத்தில வைச்சா அப்பிடித்தான்," என்றா. எழும்பிச் சமையலறைக்குப் போனா. அரிசி வாளியைத் திறந்து, முழங்கை மறையக் கையை விட்டு, முடிச்சுப் போட்ட ஒரு பொலித்தீன் பையை இழுத்தெடுத்தா. அரிசி உதிர்ந்தது. உள்ளே பற்றரிகள்.

நான் வாழ்க்கையில் அக்காவை ஏசியதில்லை. அன்று ஏசினேன். "உங்களுக்கு விசரோ? அந்த ஆள் இப்ப இந்த மூடியைத் திறந்து பாத்தவர். கையை விட்டிருந்தால் கனடாவும் இல்லை, மகனும் இல்லை. உள்ளுக்குக் கிடந்து சாகிறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? போற ஆளுக்கு என்னத்துக்கு இது?"

அக்கா பையிலிருந்து அரிசியைத் தட்டினா. "எனக்கு என்னத்துக்கடா," என்றா. "நான் போயிருவன். அங்க சுவிச்சைப் போட்டால் வெளிச்சம் வரும். நீங்கள்தானே இஞ்ச இருக்கப்போறியள்."

ஒரு வருடமாக அவ தனக்கென்று சேர்க்கிறா என்று நினைத்திருந்தேன். பழக்கம், பயம், யாழ்ப்பாணத்து நோய் என்று பெயர் வைத்து, ஜெரோமிடம் கதையாகவும் சொன்னேன். சாந்தி அழுதுகொண்டே பையை வாங்கி, கீரைக்குக் கீழே வைத்து, மூலைக்கடைக்குப் போனாள்.

நேர்முகம் நல்லபடி முடிந்தது. அக்காவை விமானம் ஏற்றிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தபோது பின்னேரமாகிவிட்டது. லேன் முனையில் வானை நிற்பாட்டச் சொல்லி சாந்தி இறங்கினாள். ஹனிபா நானாவோடு ஏதோ கதைத்துவிட்டு, மேலே கீரை பரப்பிய மரக்கறிப் பையோடு திரும்பி வந்தாள். வீட்டுக்குள் வந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் நேரே சமையலறைக்குப் போனாள். அரிசி வாளியின் மூடி திறபடும் சத்தம் கேட்டது. நான் போய் வீட்டுக் கதவைப் பூட்டினேன்.